நிமிஷத்துக்குக் கணக்கு உண்டு, காத்து நிற்பவருக்கு?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஏழைகளுக்கு உதவி வழங்கும் அலுவலகங்களில் ஒரு விசித்திரமான கணக்கு நடக்கிறது. உணவு உதவி, வைத்திய உதவி, குழந்தையுள்ள ஏழைக் குடும்பங்களுக்கு ரொக்க உதவி ஆகிய மூன்று வகை மனுக்களும் பல இடங்களில் ஒரே சிப்பந்தியின் மேஜைக்கு வருகின்றன. அவருடைய சம்பளத்தை எந்தத் திட்டத்தின் கணக்கில் எழுதுவது?

இதற்காகக் குலுக்கல் போடுகிறார்கள். ஒரு சிப்பந்தியும் ஒரு நிமிஷமும் பொறுக்கியெடுக்கப்படுகின்றன. அந்த நிமிஷத்தில் என்ன வேலை செய்தார், எந்தத் திட்டத்துக்காகச் செய்தார் என்று அவர் பதில் சொல்ல வேண்டும். நூற்றுக்கு முப்பது பதில்கள் உணவு உதவி என்று வந்தால், செலவிலும் நூற்றுக்கு முப்பது அந்தக் கணக்கில் ஏறும்.

இதில் மாநில சர்க்காருக்கு என்ன அக்கறை? வைத்திய உதவியின் நிர்வாகச் செலவில் பொதுவாகப் பாதியை மத்திய சர்க்கார் கொடுக்கிறது. ரொக்க உதவிக்கோ 1996-ம் வருஷச் சட்டப்படி ஆண்டுக்குச் சுமார் 1,650 கோடி டாலர் என்று ஒரே தொகையைக் கட்டிவைத்துவிட்டார்கள். விலைவாசி ஏறியது, தொகை ஏறவில்லை. ஆகவே நிமிஷம் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதில் காசு இருக்கிறது.

இந்த முறை பஞ்சாலையில் பிறந்தது என்பதை நம் ஆலைத் தொழிலாளர்கள் அறிய வேண்டும். 1930-களில் இங்கிலாந்தின் பஞ்சாலை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த டிப்பெட் என்ற புள்ளிவிவர நிபுணர் இதை வகுத்தார். நாள் முழுவதும் கடிகாரத்துடன் நிற்க வேண்டாம். அவ்வப்பொழுது பார்த்து, தறி ஓடுகிறதா நிற்கிறதா என்று குறித்தாலே போதும் என்றார். ஆலைகளில் இதைத்தான் ‘ஸ்நாப் ஸ்டடி’ என்கிறார்கள். அதற்கு முன் இருந்தது டெய்லரின் ஸ்டாப்வாட்ச். அதை எதிர்த்து 1911-ல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஆயுதச்சாலையில் வார்ப்படத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1915-ல் அந்நாட்டுக் காங்கிரஸே ஆயுதச்சாலைகளில் ஸ்டாப்வாட்சுக்குத் தடை விதிக்க நேர்ந்தது.

குலுக்கல் முறையே மோசடி என்று நாம் சொல்லவில்லை. ஒவ்வொரு நிமிஷத்தையும் எழுதிவைக்கும் தொல்லையை அது மிச்சப்படுத்துகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் அந்த ஒரு சோறு, பந்தியில் எத்தனை பேர் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லுமா?

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. சிப்பந்தி இருநூறு குடும்பங்களைக் கவனித்தாலும் நானூறு குடும்பங்களைக் கவனித்தாலும் சதவீதங்களின் கூட்டுத்தொகை நூறுதான். பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினாலும் நூறுதான். வேலைப்பளு இந்தக் கணக்கில் தெரியவே தெரியாது. உணவு உதவி மனுவை 30 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. அதற்கு ஆள் போதுமா என்பதற்கு இக்கணக்கில் பதில் இல்லை.

இந்த நிலையில், உணவு உதவி நிர்வாகச் செலவில் மத்திய சர்க்காரின் பங்கை 50 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக 2026 அக்டோபர் முதல் குறைக்கும் சட்டம் 2025 ஜூலையில் நிறைவேறியது. மாநிலங்களின் பங்கு 50-லிருந்து 75 ஆகிறது. பாரத்தை யார் தலையில் இறக்குவார்கள்? ஆட்குறைப்பு என்றால் சிப்பந்திக்கு இரட்டை வேலை. ஏழைக்கு இரட்டைக் காத்திருப்பு. இருவரையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்க இடம் கொடுக்கக் கூடாது.

களத்துமேட்டில் மரக்கால் யார் கையில் இருக்கிறது என்பதன் பலனை விவசாயத் தொழிலாளி அறிவான். அதே நியாயம்தான் இங்கும். பணத்தைப் பங்கிட எடுத்த கணக்கைச் சிப்பந்தியைத் தண்டிக்கவோ ஆளைக் குறைக்கவோ உபயோகிக்கக் கூடாது. ஒருவருக்கு இத்தனை குடும்பங்கள் என்று உச்சவரம்பு வேண்டும். முடிவாகாத மனுக்களின் எண்ணிக்கையையும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். அளக்கும் முறையை வகுக்கும்போது தொழிற்சங்கத்தின் பிரதிநிதிகள் உடனிருக்க வேண்டும்.

அலுவலகமானாலும் ஆலையானாலும், குறிப்பேட்டுடன் ஒருவர் வந்து நின்றால் தொழிலாளி கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றே: இந்தக் கணக்கு எதற்காக, இதில் எண்ணாமல் விட்டது எதை?