திருட்டு கேசட்டுக்கு ஒரு வக்காலத்து

ஆபீஸ்ல இன்னிக்கு ஆணி கொஞ்சம் கம்மி. அதான் இந்தப் பதிவு. ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருந்த விஷயம், போன வாரம் ஒரு நண்பரோட டீக்கடைச் சண்டையில வெடிச்சிருச்சு.

கச்சேரிக்குப் போனா போனை அணைச்சிட்டு உட்காரணும், அஞ்சு நிமிஷம் பதிவு பண்ணாலும் அது திருட்டு, கலைஞன் வயித்துல அடிக்கிறது. இது நண்பர் கட்சி. 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டன் ஈவென்டிம் அப்பல்லோவுல இளையராஜாவோட 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறிச்சு இல்லையா? சென்னை திரும்பினதும் ராஜாவே, யாரும் அதை டவுன்லோடு பண்ணிக் கேட்காதீங்க, நேர்ல கேளுங்கன்னு சொன்னார். "அவரே சொல்லிட்டார், அப்புறம் என்னய்யா?"ன்னு மடக்கினார் நண்பர்.

ராஜா சொன்னதுல நியாயம் இருக்கு. போன் மைக் பேச்சுக்காகச் செஞ்சது. சத்தம் கூடினா அமுக்கும், குறைஞ்சா தூக்கிவிடும். சிம்பொனியோட உயிரே அந்த ஏத்த இறக்கத்துலதானே? ஆனா வடுகபட்டியில இருந்து லண்டனுக்கு எந்த பஸ்ஸுல மாறிப் போறதுன்னு யாராவது சொன்னா புண்ணியமா போகும்.

இன்னொரு கதையும் இருக்கு. 1993ல லண்டன்ல ராயல் பில்ஹார்மோனிக் வாசிக்க, ஜான் ஸ்காட் நடத்த, ராஜாவோட சிம்பொனி ஒண்ணு பதிவாச்சு. அது இன்னிக்கு வரை வெளியே வரல. அன்னிக்கு அந்த ஸ்டூடியோவுல எவனாவது ஒரு புண்ணியவான் சட்டைப்பையில வாக்மேனை ஒளிச்சு வச்சிருந்தான்னா, அவனைத் திருடன்னு சொல்வீங்களா, மாலை போடுவீங்களா?

வெள்ளைக்காரன் ஊர்ல இந்தப் பஞ்சாயத்து எப்பவோ நடந்து முடிஞ்சது. லெட் செப்பெலின் மேனேஜர் பீட்டர் கிரான்ட், திருட்டுப் பதிவுன்னாலே சாமி ஆடுவார். 1971ல வான்கூவர்ல ஒரு மெஷினைப் பார்த்து ரெக்கார்டர்னு நினைச்சு ஒடச்சே போட்டார். பார்த்தா, அது அரசாங்க ஆளுங்க சத்தத்தை அளக்கக் கொண்டு வந்த கருவி! ஆனா 1970 செப்டம்பர் 4 லாஸ் ஏஞ்சல்ஸ் கச்சேரியை எவனோ கூட்டத்துல நின்னு பதிவு பண்ணினது இன்னிக்கும் ரசிகர்களுக்கு வேதம். அதே குழுவோட ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் 1972ல பம்பாய் வந்து நம்ம ஊர் கலைஞர்களோட ரெண்டு பாட்டு பதிவு பண்ணாங்க. அதிகாரபூர்வமா வந்தது 2015ல. நடுவுல நாப்பது வருஷத்துக்கு மேல அதை உயிரோட வச்சிருந்தது திருட்டு கேசட்தான் சாமி.

கிரேட்ஃபுல் டெட் இன்னும் ஒரு படி மேல. 1984ல இருந்து பதிவு பண்ற ரசிகனுக்குன்னே அரங்கத்துல தனி இடம் ஒதுக்கினாங்க. கைமாத்திக்கோ, காசுக்கு விக்காதே. அவ்வளவுதான் சட்டம். குழு ஒண்ணும் திவாலாகல.

நம்ம சட்டமும் அவ்வளவு கொடூரம் இல்ல. 1957 காப்புரிமைச் சட்டத்துல 38ஆம் பிரிவு மேடைக் கலைஞருக்கு உரிமை தருது, 50 வருஷம். சொந்த உபயோகத்துக்குப் பதிவு பண்றது அந்த உரிமையை மீறினதா ஆகாதுன்னு அடுத்த 39ஆம் பிரிவே சொல்லுது. நெட்ல ஏத்தி விளம்பரக் காசு பாக்குறது வேற கதை. அந்தக் கோஷ்டிக்கு நான் வக்காலத்து வாங்கல, நல்லா உதைங்க.

எங்க ஊர்னா எல்லாருக்கும் பூண்டு ஞாபகம் வரும், இல்லன்னா வைரமுத்து. பண்ணைப்புரமும் இதே மாவட்டம்தான். ராஜாவோட அண்ணன் பாவலர் வரதராஜன் 1958 தேவிகுளம் இடைத்தேர்தல்ல கம்யூனிஸ்ட் கட்சிக்காக மலையில எஸ்டேட் எஸ்டேட்டா பாடினவர். 1973ல போய்ச் சேர்ந்துட்டார். அந்த மேடைக் குரலை ஒரு தடவையாவது கேட்கணும்னு நானும் தேடாத இடமில்ல. ஒரு நாடாத் துண்டு கூட கைக்கு வரல. அன்னிக்கு அந்தக் கூட்டத்துல ஒரு 'திருடன்' இல்லாம போயிட்டானேன்னு வயித்தெரிச்சலா இருக்கு.

எங்க சித்தப்பா அப்படி ஒரு திருடன். எண்பதுகள்ல ஊர்த் திருவிழா பாட்டுக்கச்சேரியை டூ-இன்-ஒன்ல மேடைக்குக் கீழ உட்கார்ந்து அமுக்கினவர். போன பொங்கல் லீவுல அந்த கேசட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். ஹெட்டை சின்ன ஸ்க்ரூ டிரைவரால திருகித் திருகி சத்தம் தெளிவாகறதுக்கே அரை நாள் ஆச்சு. பாட்டுக்கு நடுவுல மைக்செட்காரர் "வழியில நிக்கிற மாட்டு வண்டியை உடனே எடுக்கவும்"னு கத்துறார். ஒரு குழந்தை விடாம அழுவுது.

அந்தக் குழுவுல டோலக் வாசிச்சவர் சித்தப்பாவோட கூட்டாளி, இப்ப இல்ல. அவர் வாசிச்சதுக்கு இந்த ஒரு கேசட்தான் மிச்சம். எம்பி3யா மாத்தி அவர் பொண்ணுகிட்ட குடுத்தேன். அந்த அக்கா ஹெட்போனைக் கழட்டாம ஒரு மணி நேரம் கேட்டுட்டு, "தம்பி, ரெண்டாவது பாட்டுக்கு முன்னாடி வர்ற இருமல் அப்பாவோடது"ன்னாங்க.

நண்பர்கிட்ட இதையும் சொன்னேன். டீக்கு அவரே காசு குடுத்தார். ஆனா கட்சி மாறல.

டிஸ்கி: கேசட்டோட பி பக்கம் நாடா சிக்கிக் கிடக்கு. பிசுக்கு போக நாடாவைப் பிரிச்சுச் சுத்தத் தெரிஞ்ச ஆள் மதுரைப் பக்கம் யாராவது இருந்தா சொல்லுங்க மக்களே.