வரி விலையைப் பார்க்கிறது, அபராதம் பார்ப்பதில்லை

தமிழ்நாட்டில் புது வண்டி வாங்குபவரிடம் போக்குவரத்துத் துறை முதலில் கேட்பது அதன் விலையை. 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி, ஒரு லட்சம் ரூபாய் வரையிலான இருசக்கர வாகனத்துக்கு ஆயுட்கால வரி 10 விழுக்காடு, அதற்கு மேல் போனால் 12. கார்களில் 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை அதைவிட அதிகம், அதையும் தாண்டினால் இன்னும் அதிகம். 90,000 ரூபாய்க்கு பைக் வாங்குபவர் 9,000 ரூபாய் வரி கட்டுகிறார். 25 லட்சத்துக்குக் கார் வாங்குபவர் கட்டுவது நாலு லட்சத்துக்கும் மேல். விலையோடு சேர்ந்து விகிதமும் ஏறுகிறது. வசதி உள்ளவர் கூடுதலாகத் தரட்டும் என்ற நியாயம் இதற்குள் இருக்கிறது. அதே இரண்டு வண்டிகளும் சாலைக்கு வந்து, இருவருமே கைபேசியில் பேசியபடி ஓட்டிப் பிடிபட்டால் அந்த நியாயம் எங்கோ போய்விடுகிறது. முதல் முறைக்குச் சட்டம் விதித்திருக்கும் குறைந்தபட்ச அபராதம் இருவருக்கும் 1,000 ரூபாய். வரியில் இவ்வளவு கவனமாகப் படிநிலை பார்க்கும் அரசு, தண்டனையில் அதைப் பார்க்க மறுப்பதற்குச் சரியான காரணம் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

இந்தக் கேள்வி கூர்மையானது 2019-இல். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தை நாடாளுமன்றம் அந்த ஆண்டு திருத்தியது. செப்டம்பர் 1 முதல் புதிய அபராதங்கள் நடைமுறைக்கு வந்தன. தலைக்கவசம் அணியாததற்கு 100 ரூபாய் என்பது 1,000 ஆனது. உரிமம் இல்லாமல் ஓட்டினால் 500 என்பது 5,000 ஆனது. குடித்துவிட்டு ஓட்டுவதற்கான அபராதம் 2,000 ரூபாயிலிருந்து 10,000-க்குத் தாவியது. நடைமுறைக்கு வந்த சில நாள்களிலேயே, குருகிராமில் 15,000 ரூபாய்கூடப் பெறாத ஒரு ஸ்கூட்டருக்கு 23,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்ட செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. குஜராத்தும் கர்நாடகமும் உடனே தொகைகளைக் குறைத்தன. தமிழ்நாடு மூன்று ஆண்டு காத்திருந்து, 2022 அக்டோபரில்தான் புதிய தொகைகளை நடைமுறைப்படுத்தியது. அந்தத் தயக்கத்துக்குப் பொருள் உண்டு. 2021 ஆகஸ்டில் பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தபோது, மாநிலத்தில் 2.63 கோடி இருசக்கர வாகனங்கள் இருப்பதையும் உழைக்கும் ஏழை மக்களின் வாகனம் அதுதான் என்பதையும் நிதிநிலை அறிக்கையே காரணமாகச் சொன்னது. 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் தினக்கூலி 319 ரூபாய். அந்தக் கூலியில் 1,000 ரூபாய் மூன்று நாளுக்கு மேற்பட்ட உழைப்பு. 10,000 ரூபாய் ஒரு மாத உழைப்பு.

அபராதம் எதற்காக? அரசின் கஜானாவை நிரப்புவதற்காக என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. தவறு செய்யப்போகிறவரைத் தயங்க வைப்பதற்காக. தயக்கம் தொகையால் வருவதில்லை. அந்தத் தொகை ஒருவருக்கு எவ்வளவு வலிக்கும் என்பதால் வருகிறது. முன்பு சொன்ன பைக்காரருக்கு 1,000 ரூபாய் என்பது அவர் கட்டிய ஆயுட்கால வரியில் ஒன்பதில் ஒரு பங்கு. கார்க்காரருக்கு நானூறில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே சலான் ஒரு வீட்டில் மளிகைச் செலவைத் தின்றுவிடுகிறது. இன்னொரு வீட்டில் யாரும் அதைக் கவனிப்பதுகூட இல்லை. பின்னவருக்கு அது வாகன நிறுத்தக் கட்டணம் மாதிரி, கட்டிவிட்டுப் போகும் செலவு. அப்படிப் பார்த்தால், இன்றைய அபராதம் ஏழைக்கு மிகக் கடுமையாக இருக்கிறது என்பது பாதிக் குறைதான். வசதியானவரைத் திருத்தும் வலு அதற்கு இல்லை என்பது மீதி. சாலைப் பாதுகாப்பில் அக்கறை உள்ளவர்கள் கவலைப்பட வேண்டியது இரண்டாவதற்காக.

‘நான் ஏற்கெனவே சாலை வரி கட்டிவிட்டேன், அதிலும் அதிகமாகவே கட்டியிருக்கிறேன், அபராதத்திலும் என்னைத் தனியாகப் பிடிக்க வேண்டுமா?’ என்று விலை உயர்ந்த கார் வைத்திருப்பவர் கேட்கலாம். சாலையைப் பயன்படுத்துவதற்கான விலையே இந்த வரி என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதற்கு ஒரு காலத்தில் சட்ட மதிப்பும் இருந்தது. ராஜஸ்தானின் வாகன வரி தொடர்பான வழக்கில், 1962-இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய வரியை அரசு தரும் வசதிக்கான ஈடு என்று விளக்கியது. 2016 நவம்பரில், ஜிந்தால் ஸ்டெயின்லெஸ் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, பெரும்பான்மைத் தீர்ப்பில் அந்தக் கோட்பாட்டையே கைவிட்டது. ஈடு என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு உதைக்கும். 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரும் சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் எடுத்துக்கொண்ட பாடம், அச்சின் மீதான எடை கூடும்போது சாலையின் தேய்மானம் ஏறத்தாழ அதன் நான்காம் மடியில் கூடுகிறது என்பது. எடை இரு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. 2018 ஜூலையில் மத்திய அரசு, நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு அனுமதித்த எடையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. கேட்பதற்குச் சின்ன உயர்வு. நான்காம் மடிக் கணக்கில் அந்த அச்சு தரும் சேதம் 60 விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது. சாலையைத் தேய்ப்பவரே செலவை ஏற்க வேண்டும் என்றால் பைக்காரர் கட்ட வேண்டியது ஏறக்குறைய ஒன்றுமில்லை, கார்க்காரரும் மிகச் சொற்பமே கட்டுவார், லாரிகளால் தாங்கவே முடியாது. அப்படி யாரும் வசூலிப்பதில்லை. தனியார் வாகனங்கள் மீதான ஆயுட்கால வரி, கொடுக்க முடிந்தவரிடம் கூடுதலாக வாங்கும் வரி, அவ்வளவுதான். அதை ஒப்புக்கொண்டால் அபராதத்திலும் அதே அளவுகோலை வைப்பது புதுமையாகத் தோன்றாது.

வலுவான மறுப்பு வேறொன்று. குற்றம் ஒன்று என்றால் தண்டனையும் ஒன்றுதானே, பணக்காரர் என்பதற்காகக் கூடுதல் தண்டனையா என்பது அது. சிறைத் தண்டனையை நினைத்துப் பார்த்தால் பதில் கிடைக்கும். ஏழைக்கும் செல்வருக்கும் ஒரு மாதச் சிறை என்றால் இருவருமே வாழ்நாளில் ஒரு மாதத்தை இழக்கிறார்கள். பணத்தில் அந்தச் சமன்பாடு கிடையாது. தொகையை ஒன்றாக வைத்தால் சுமை வேறாகிறது, சுமையை ஒன்றாக்க வேண்டுமென்றால் தொகையை மாற்றித்தான் ஆக வேண்டும். அரசியல் சாசனத்தின் 14-ஆவது பிரிவு நியாயமான வகைப்பாட்டைத் தடுக்கவில்லை. விலைவாரியான ஆயுட்கால வரியே அந்த அடிப்படையில்தான் நிற்கிறது. தவிர, இன்றைய சட்டம் எல்லாரையும் ஒன்றாக நடத்துகிறது என்பதும் முழு உண்மை இல்லை. சீட் பெல்ட் போடாதவருக்கு 1,000 ரூபாயோடு முடிகிறது. தலைக்கவசம் போடாதவருக்கு அதே 1,000 ரூபாயோடு மூன்று மாதம் உரிமமும் பறிபோகும் என்கிறது சட்டம். இரண்டுமே முதன்மையாகத் தன் உயிரைக் காத்துக்கொள்ளத் தவறிய குற்றங்கள். கடுமை மட்டும் ஏன் இரு சக்கரத்தின் பக்கம் சாய்ந்தது என்பதற்குச் சட்டத்தில் விளக்கம் இல்லை.

பின்லாந்தில் 1921 முதல் வருமானத்தோடு இணைந்த அபராத முறை இருக்கிறது. அனுமதித்த வேகத்தைச் சிறிதளவு தாண்டினால் நிலையான தொகை. பெரிதாகத் தாண்டினால் ஒருவரின் ஒரு நாள் வருமானத்தை அளவாகக் கொண்டு இத்தனை நாள் என்று தண்டனை. 2023-இல் ஒலாந்து தீவில், 50 கிலோமீட்டர் வேகப் பகுதியில் 82 கிலோமீட்டரில் போன தொழிலதிபர் ஒருவருக்கு 1,21,000 யூரோ விதிக்கப்பட்டது. இந்தச் செய்தியைப் படித்து இங்கே கைதட்டியவர்கள் பலர். ஆனால் பின்லாந்து முறையை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது என்று சொல்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பெரும்பாலானவர்களின் வருமானம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாத நாட்டில், சாலையோரம் நிற்கும் காவலர் யாருடைய ஒரு நாள் வருமானத்தைக் கணக்கிடுவார்? பிரிட்டன் இதில் கையைச் சுட்டுக்கொண்டது. 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1992 அக்டோபரில் தொடங்கிய வருமானவாரி அபராத முறை, மறு ஆண்டே கைவிடப்பட்டது. சிப்ஸ் உறையைத் தெருவில் போட்ட ஒருவர் தன் வருமான விவரத்தைத் தராததால் அவருக்கு 1,200 பவுண்ட் விதிக்கப்பட்டது. பத்திரிகைகள் அதை விடவில்லை. கொள்கையில் பழுது இருந்ததால் அந்த முறை விழவில்லை. வருமானத்தை அறியும் வழி பலவீனமாக இருந்ததால் விழுந்தது.

தமிழ்நாட்டில் அந்த அளவுகோலைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒவ்வொரு தனியார் வாகனத்தின் விலையும் வரி கணக்கிடுவதற்காகப் பதிவின்போதே அரசிடம் வந்துவிடுகிறது. பதிவெண்ணைத் தட்டினால் வண்டியின் விவரம் காவலரின் கருவியில் தெரிகிறது. வருமானத்துக்கு வாகன விலை முழுமையான மாற்று இல்லைதான், எல்லாவற்றையும் விடக் கையருகே இருக்கும் மாற்று அதுதான். சட்டமும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. 2019 திருத்தம் சேர்த்த 210ஏ பிரிவு அதிகம் பேசப்படாத ஒன்று. அதன்படி, மத்திய அரசின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஒவ்வொரு அபராதத்தையும் ஒன்றிலிருந்து பத்து வரையிலான ஓர் எண்ணால் பெருக்க மாநில அரசு அறிவிக்கை வெளியிடலாம். வாகன வகைகளை மாநிலமே பிரித்து, வகைக்கொரு பெருக்கும் எண்ணை வைக்கவும் அந்தப் பிரிவு இடம் தருகிறது. ஆயுட்கால வரியின் படிகளையே வகைகளாக எடுத்துக்கொள்ளலாம்: இருசக்கர வாகனங்களுக்கும் 5 லட்சம் வரையிலான கார்களுக்கும் ஒன்று, 10 லட்சம் வரை இரண்டு, 20 லட்சம் வரை நான்கு, அதற்கு மேல் எட்டு. அப்போது 25 லட்ச ரூபாய்க் காரை ஓட்டிக்கொண்டே கைபேசியில் பேசுபவருக்குக் குறைந்தது 8,000 ரூபாய். அதுகூட அவர் கட்டிய வரியில் ஐம்பதில் ஒரு பங்கைவிடக் குறைவுதான். பைக்காரரின் ஒன்பதில் ஒரு பங்கோடு ஒப்பிட்டால் இந்த யோசனை மிதமானது என்றுதான் சொல்ல வேண்டும்.

வண்டியின் விலையை அளவாக வைத்தால் வண்டியை ஓட்டும் சம்பள டிரைவர் மாட்டிக்கொள்வாரே என்பது பொருட்படுத்த வேண்டிய கேள்வி. 25 லட்சக் காரின் உரிமையாளர் பின் இருக்கையில் இருக்க, ஸ்டீயரிங் பிடித்திருப்பவர் மாதச் சம்பளக்காரராகவோ ஒரு நாளைக்கு வந்த ஆக்டிங் டிரைவராகவோ இருக்கலாம். அடிப்படைத் தொகைக்கு மேல் பெருக்கி வரும் பகுதியை உரிமையாளர் கணக்கில் மட்டுமே சேர்க்க வேண்டும் என்று அறிவிக்கையிலேயே எழுதிவிட வேண்டும். கேமரா வழி வரும் சலான்கள் இப்போதும் பதிவு உரிமையாளரின் பெயருக்குத்தான் போகின்றன. மஞ்சள் போர்டு வாகனங்களை இந்தத் திட்டத்துக்கு வெளியே வைத்து ஓன் போர்டு வாகனங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது; வாடகைக் கார் என்பது அதை ஓட்டுபவரின் வசதிக்கு அடையாளம் இல்லை, பெரும்பாலும் அவருடைய கடனுக்கே அடையாளம். பத்தாண்டு பழைய சொகுசுக் காரைச் சல்லிசாக வாங்கியவர் விஷயத்தில், வண்டியின் வயதுக்கேற்ப விலையைக் கழித்துக்கொள்ளலாம்.

இன்னொரு தரப்பு எதிர்த் திசையிலிருந்து வரும். சாலையில் அதிகம் சாவது இருசக்கர வாகனத்தில் போகிறவர்கள். அவர்களிடம் கரிசனம் காட்டினால் பிணங்கள்தான் கூடும் என்பார்கள். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். தலைக்கவசம் இல்லாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில், 64,105. இந்த எண்களுக்கு முன்னால் தலைக்கவச அபராதத்தைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. 210ஏ பிரிவும் ஒன்றுக்குக் கீழே போக விடாது. அதே ஆண்டின் புள்ளிவிவரங்களில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மரணங்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் அதிவேகத்தின் கணக்கில் வருகின்றன. இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் பாதசாரி. பைக்காரரும் பாதசாரியும் இறப்பதற்கு அவர்கள் கவனக்குறைவு மட்டும் காரணமாகிவிடாது. தலைக்கவசம் போடாதவர் ஆபத்துக்கு உள்ளாக்குவது பெரும்பாலும் தன்னை. ஒன்றரை டன் காரை நூறைத் தாண்டி விரட்டுபவர் ஆபத்துக்கு உள்ளாக்குவது எதிரில் வருபவரை.

அபராதம் கட்டும் திறனைப் பொறுத்தது என்பதை அரசுகள் கொல்லைப்புற வழியாக ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டன. 2022 மார்ச்சில் தெலங்கானா, தேங்கிக் கிடந்த சலான்களை வசூலிக்க இருசக்கர வாகனங்களுக்கு 75 விழுக்காடும் கார்களுக்கு 50 விழுக்காடும் தள்ளுபடி தந்தது. 2023 பிப்ரவரியில் கர்நாடகம் எல்லாருக்கும் பாதியைத் தள்ளியது. விதிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, வசூலாகாதபோது கண்ணைத் திறப்பது மோசமான ஏற்பாடு. ஒழுங்காக உடனே கட்டியவர் ஏமாளியாகிறார். கட்டாமல் காத்திருந்தவருக்குப் பரிசு கிடைக்கிறது. திறனைத் தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்துக்கொண்டால் இந்தத் தள்ளுபடித் திருவிழாக்களுக்குத் தேவை குறையும்.

அபராதப் பட்டியலில் அரசின் பக்கத்தையும் பார்த்துவிடலாம். 2019 திருத்தத்தின் 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தரவிதியை மீறி அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் சம்பந்தப்பட்ட அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ அபராதம் விதிக்கிறது. அதன் உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். அதே திருத்தத்தில், சிறுவனிடம் வண்டியைக் கொடுத்துக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாயும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. கோடிக்கணக்கில் ஒப்பந்தம் எடுத்தவருக்கு ஒரு லட்சம் என்றால் அது எதில் எத்தனை பங்கு என்று கணக்கிடக்கூடத் தேவையில்லை. அந்த வரம்பை மாற்ற நாடாளுமன்றம் போக வேண்டும். வாகன வகைகளைப் பிரித்துப் பெருக்கும் எண்ணை அறிவிக்க, சென்னையில் ஓர் அரசிதழ் அறிவிக்கை போதும்.