முகம் தெரிகிறது, அறை தெரியவில்லை

ஆள் நேரில் வராமல், காணொளியில் முகம் பார்த்து நோட்டரி அத்தாட்சி செய்யலாமா? இன்றைய சட்டப்படி கூடாது. 1952-ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்திலும் 1956-ஆம் ஆண்டு விதிகளிலும் அதற்கு இடமில்லை. நம் மேஜைமேல் இருக்கும் முத்திரையை எடுத்துப் பாருங்கள். 5 செ.மீ. விட்டமுள்ள வட்டம். அதில் பெயர், பதிவு எண், நியமித்த அரசு ஆகியவற்றோடு தொழில் செய்ய அனுமதிக்கப்பட்ட பகுதியும் பொறிக்கப்பட்டிருக்கிறது. தஞ்சாவூர் என்று பொறித்த முத்திரையை வைத்துக்கொண்டு, சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் போடப்பட்ட கையெழுத்துக்கு 'என் முன்னிலையில்' என்று எழுதினால் அந்தச் செயல் நடந்த ஊர் எது? படிவம் 15 பதிவேட்டில் கட்சிக்காரர் கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தை யார் நிரப்புவது? இதற்கு விடை இல்லாமல் சீலை எடுப்பவர் தன் சான்றிதழைப் பணயம் வைக்கிறார்.

விஷயம் இதோடு முடிந்துவிட்டால் இந்த ஆசிரியர் உரைக்கே வேலையில்லை. ஆனால் டெல்டாவில் இந்தக் கேள்வி நின்றபாடில்லை. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், ராஜகிரி, பண்டாரவாடை என்று எந்த ஊரை எடுத்தாலும் பத்திரத்தில் பெயர் உள்ளவர்களில் ஒருவராவது மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். காரைக்கால் பக்கம் போனால் பிரான்ஸ். நிலம் இங்கே, பங்காளி அங்கே.

சம்பா பருவத்தில் நம் அலுவலகங்களில் அடிக்கடி நடப்பதைச் சொல்கிறேன். ஒரத்தநாடு பக்கத்திலிருந்து ஓர் அம்மா வருகிறார். வீட்டுக்காரர் காலமானபின் பட்டா தாயும் இரண்டு பிள்ளைகளுமாகக் கூட்டுப்பட்டா. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால், வெளிநாட்டில் இருக்கும் மகனுடைய சம்மதக் கடிதம் நோட்டரி போட்டு வேண்டும் என்கிறார்கள். அம்மா போனை நீட்டுகிறார்: "ஐயா, தம்பி லைன்ல இருக்கான். நல்லா பாத்துக்குங்க. ஒரு சீலு போட்டுக் குடுத்தீங்கன்னா சொசைட்டில குடுத்துட்டு வூட்டுக்குப் போயிருவேன்." போனில் மகன் வேலைத்தள ஹெல்மெட்டோடு சிரிக்கிறான். கடிதத்தில் அவன் கையெழுத்து ஏற்கெனவே இருக்கிறது. அதை யார் போட்டது என்று கேட்டால் அம்மா பதில் சொல்லாமல் குமாஸ்தாவைப் பார்க்கிறார்.

அந்த அம்மாவைத் திருப்பி அனுப்புவதுதான் சரி. ஆனால் திருப்பி அனுப்பும் நம் கை சுத்தமாக இருக்கிறதா? இணையம் வருவதற்கு முன்பே ஆளைப் பார்க்காமல் அத்தாட்சி செய்வதை நம் தொழில் பழகிவிட்டது. கூரியரில் கட்டாக வரும் பிரமாணப் பத்திரங்கள், சாவியோடு சீலையும் குமாஸ்தாவிடம் விட்டுவிட்டு கோர்ட்டுக்குப் போகும் வழக்கம், ஸ்கேன் அனுப்பினால் ஒரு மணி நேரத்தில் நோட்டரி என்று விளம்பரம் செய்யும் தளங்களுக்குப் பின்னால் இருக்கும் முத்திரைகள் எல்லாம் அந்த வகைதான். காணொளி கூட இல்லாத தொலைதூர நோட்டரி இது. ஆகவே தொழில்நுட்பம் வந்தால் தொழிலின் மதிப்பு கெடும் என்று சங்கக் கூட்டங்களில் முழங்குவதற்கு முன் கொஞ்சம் நிதானிக்கலாம்.

எந்தப் பத்திரத்துக்கு நோட்டரியின் சீல் உண்மையில் பயன்படுகிறது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கட்சிக்காரர்கள் இதில்தான் அதிகம் குழம்புகிறார்கள். 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவுப்படி, இந்தியாவில் வசிப்பவர் தன் சார்பில் பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய ஒருவருக்குப் பவர் கொடுத்தால், அது பதிவாளர் அல்லது சார் பதிவாளர் முன் எழுதி அத்தாட்சி பெற வேண்டும். அங்கே நோட்டரிக்கு இடமே இல்லை. போதாததற்கு, 1-12-2012 முதல் அமலில் உள்ள தமிழ்நாட்டுத் திருத்தம் அசையாச் சொத்து தொடர்பான பவர்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கிவிட்டது. பெங்களூரில் இருக்கும் அண்ணன் திருவையாறு நிலத்துக்குப் பவர் கொடுக்க இணைய நோட்டரி வந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு, அது வந்தாலும் பயன்படாது என்று சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் கதை வேறு. அவர் அங்கே உள்ள நோட்டரி முன்போ இந்தியத் தூதரக அலுவலர் முன்போ பவர் எழுதிக் கொடுக்கலாம் என்று அதே 33-ஆம் பிரிவு சொல்கிறது. பத்திரம் ஊர் வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த 1899-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டம் 18-ஆம் பிரிவு இடம் தருகிறது. மாவட்டப் பதிவாளர் அலுவலகப் படியேறி அதை முடித்தபின்தான் சார் பதிவாளர். நம் ஆட்களுக்கு இதில் இடறும் இடம் முதல் படிதான். கப்பல் பட்டறையில் ஷிப்டு வேலை பார்ப்பவன் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத் தூதரகத்தில் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். வளைகுடாப் பாலைவன முகாமில் இருப்பவனுக்கு ஒரு நாள் போதாது.

தகவல் தொழில்நுட்பச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. மின்கையெழுத்தை 2000-இலேயே ஏற்ற அந்தச் சட்டம், தன் முதல் அட்டவணையில் பவர், உயில், அறக்கட்டளைப் பத்திரம், அசையாச் சொத்து விற்பனை ஒப்பந்தம் ஆகியவற்றை வெளியே நிறுத்தியது. 2022 செப்டம்பரில் அந்த அட்டவணையைத் திருத்தினார்கள். சொத்து விற்பனை ஒப்பந்தம் பட்டியலிலிருந்து போனது. ரிசர்வ் வங்கி போன்ற அமைப்புகளின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்குக் கொடுக்கும் பவரும் மின்வடிவில் செல்லும் என்றானது. அண்ணன் தம்பிக்குக் கொடுக்கும் பவர் மட்டும் இன்னும் காகிதத்தில்தான். வங்கிக்குத் திறந்த கதவு குடும்பத்துக்குத் திறக்கவில்லை. அப்படி விட்டது சரியா என்றால், பாதி சரி என்பேன்.

நோட்டரியின் அத்தாட்சியில் சட்டம் எதை மதிக்கிறது என்பதைக் கவனித்தால் காரணம் விளங்கும். பழைய சாட்சியச் சட்டத்தின் 85-ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 84. நோட்டரி முன் எழுதி அவர் அத்தாட்சி செய்த பவர், முறையாக எழுதப்பட்டது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். ஜுக்ராஜ் சிங் எதிர் ஜஸ்வந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த அனுமானம் வெளிநாட்டு நோட்டரிக்கும் பொருந்தும் என்றது. கலிஃபோர்னியாவில் எழுதப்பட்ட பவர் அது. ஆனால் அதே தீர்ப்பில் முதலில் வந்த பவரைக் குறையுள்ளது என்றது. எழுதிக் கொடுத்தவர் இன்னார்தான் என்று நோட்டரி தன்னைத் திருப்திப்படுத்திக்கொண்டது பத்திரத்தில் தெரியவில்லை என்பதே காரணம். பின்னர் அந்தக் குறை இல்லாமல் எழுதிய இரண்டாவது பவர்தான் காப்பாற்றியது. வெறும் சீலும் கையெழுத்தும் போதாது என்பது அரை நூற்றாண்டுக்கு முன்பே முடிவான சங்கதி. நம் அத்தாட்சி வாசகங்களில் எத்தனை இந்தச் சோதனையில் தேறும் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

இன்னார்தானா என்று பார்ப்பதில் இயந்திரம் நம்மைவிடக் கெட்டிக்காரன், ஒப்புக்கொள்வோம். ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறார் என்பதை 2014 முதல் ஜீவன் பிரமாண் கைரேகையில் ஏற்கிறது, 2021-இலிருந்து போனில் முகம் காட்டினாலே போதும். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் காணொளி வழி வாடிக்கையாளர் அடையாளச் சோதனையை அனுமதித்தபோது போட்ட நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள்: வாடிக்கையாளர் இந்தியாவில் இருப்பதைப் புவிக்குறியீடு காட்ட வேண்டும், கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும், முழு உரையாடலும் தேதி நேரத்தோடு பதிவாக வேண்டும். மங்கிய ஆதார் நகலைப் பார்த்துச் சீல் போடும் மேஜையோடு இதை ஒப்பிட்டால் வெட்கமாகத்தான் இருக்கும்.

முத்திரையில் உள்ள ஊர்ப்பெயர்ச் சிக்கலுக்கும் விடை உண்டு. அமெரிக்காவில் முதலில் இதற்குச் சட்டம் செய்த விர்ஜீனியா மாநிலம் (சட்டம் 2011, அமல் 2012 ஜூலை) நோட்டரி உட்கார்ந்திருக்கும் இடத்தைச் செயல் நடந்த இடமாகக் கொண்டது. கையெழுத்துப் போடுபவர் எங்கும் இருக்கலாம், நோட்டரி மாநிலத்துக்குள் இருக்க வேண்டும், காணொளிப் பதிவை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். பிரான்ஸ் கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், தற்காலிகமாகத் திறந்த வழியை அதே ஆண்டு நவம்பரில் நிரந்தரமாக்கியது. ஆனால் எல்லாப் பத்திரத்துக்கும் அல்ல, பவருக்கு மட்டும். நம்மூரில், 2022 ஜூலையில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அமெரிக்காவில் இருந்த மாப்பிள்ளை காணொளியில் தோன்ற, கன்னியாகுமரி மாவட்டத்தில் சிறப்புத் திருமணச் சட்டப்படி கல்யாணத்தை நடத்தி வைக்கச் சொன்னார். சார் பதிவாளர் முன் 3 சாட்சிகள். மாப்பிள்ளை கொடுத்த பவரைக் கொண்டு அவருக்கும் சேர்த்து மணமகளே கையெழுத்திடலாம் என்றது தீர்ப்பு. கல்யாணத்துக்கே காணொளி செல்லுமானால் சம்மதக் கடிதத்துக்கு ஏன் கூடாது என்று இளம் வக்கீல்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

என் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005-ஆம் ஆண்டு மத்தியத் திருத்தமும் பெண் பிள்ளைகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தன. அன்றிலிருந்து டெல்டாவில் நிலம் கைமாற வேண்டுமென்றால் தங்கையின் கையெழுத்து வேண்டும். விடுதலைப் பத்திரம் எழுதி வாங்க அண்ணன்மார் படும் பாடும், தங்கைமார் படும் பாடும் நமக்குத் தெரியாததல்ல. அனுபவமுள்ள நோட்டரியும் சார் பதிவாளரும் அப்போது என்ன செய்வார்கள்? "நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க தம்பி" என்று அண்ணனை அனுப்பிவிட்டு, "ஏம்மா, உனக்குச் சம்மதம்தானா? பணம் கைக்கு வந்துச்சா?" என்று தனியாகக் கேட்பார்கள். அந்தப் பெண் தலையாட்டும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். சில சமயம் பத்திரம் அன்று எழுதப்படாமலே போகும்.

காணொளியில் இதைச் செய்ய முடியாது. போனைப் பிடித்திருப்பதே அண்ணனாக இருக்கலாம். முகமும் கருவிழியும் ஆதாரும் பொருந்திவிட்டாலும் சட்டகத்துக்கு வெளியே நிற்பவர் யாரென்று எந்த மென்பொருளும் சொல்வதில்லை. பேராவூரணிப் பக்கம் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரிடம் பவர் வாங்கும் மருமகன் கதையும் இதுதான். அப்படிப்பட்டவர் வீட்டுக்கே அலுவலர் போய்ப் பார்க்க வேண்டும் என்று பதிவுச் சட்டம் 31, 38-ஆம் பிரிவுகளில் வழி வைத்திருப்பது அந்த அறையைப் பார்ப்பதற்குத்தான்.

ஆகவே ஆள் மாறாட்டம் மட்டுமே ஆபத்தாக உள்ள பத்திரங்களுக்குக் காணொளியைத் திறக்கலாம். பயிர்க்கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் பங்காளி தரும் சம்மதக் கடிதம், பெயர் திருத்தப் பிரமாணம், சான்றிதழ் தொலைந்ததற்கான உறுதிமொழி, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்று எல்லாம் இந்த வகை. கடைசியில் சொன்னதற்கு இன்றும் பவர் ஏஜெண்ட் மருத்துவரைத் தேடி அலைகிறார். ஓய்வூதியருக்குப் போதும் போன் இவருக்கு ஏன் போதாது என்று புரியவில்லை. வற்புறுத்தல் ஆபத்தாக உள்ள பத்திரங்களுக்கு, அதாவது நிலப் பவர், விடுதலை, தான செட்டில்மெண்ட் இவற்றுக்கு, நேரில் வருவதை விட்டுவிடக் கூடாது. வெளிநாட்டில் இருப்பவருக்காக வேண்டுமானால் தூதரகம் தொழிலாளர் முகாம்களுக்கு அலுவலரை அனுப்பட்டும்.

2021 டிசம்பரில் மத்திய சட்ட அமைச்சகம் நோட்டரிகள் சட்டத் திருத்த வரைவை வெளியிட்டபோது, மொத்தப் பணிக்காலம் 15 ஆண்டு என்ற வரம்பு ஒன்றையே பிடித்துக்கொண்டு நாம் எதிர்ப்புத் தெரிவித்தோம். நோட்டரிப் பணியை மின்மயமாக்குவது பற்றியும் அதே வரைவில் பேச்சு இருந்தது. அதைப் பற்றி நம் பக்கத்திலிருந்து உருப்படியாக ஒன்றும் போகவில்லை. அந்த வரைவு சட்டமாகவில்லை. ஆனால் அடுத்த வரைவு வரும்போது இணையத் தளங்களை நடத்தும் நிறுவனங்கள் தங்கள் கோரிக்கைகளோடு முதல் வரிசையில் நிற்கும். நாம் இப்போதே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் கோரிக்கை, செயல் நடந்த இடம் நோட்டரி இருக்கும் இடமே என்று சட்டத்திலேயே சொல்ல வேண்டும். இரண்டாவது, காணொளிப் பதிவு நோட்டரியின் கணினியிலோ தனியார் நிறுவனத்திடமோ இல்லாமல் அரசின் சேமிப்பகத்தில் இருக்க வேண்டும். நோட்டரி மறைந்தாலும் ஓய்வு பெற்றாலும் நீதிமன்றம் அதைத் தேடி எடுக்க முடிய வேண்டும். எந்தெந்தப் பத்திரத்துக்குக் காணொளி செல்லும் என்ற பட்டியல் சட்டத்தோடு இணைந்த அட்டவணையாக இருக்க வேண்டும், சுற்றறிக்கைக்கு விடக் கூடாது. சுற்றறிக்கை எப்போது மாறும் என்று பதிவுத்துறையோடு பழகிய யாருக்கும் சொல்லத் தேவையில்லை. படிவம் 15-இல் ஒரு கட்டம் கூட்ட வேண்டும் என்றும் கேட்போம்: அத்தாட்சி நடந்தபோது கட்சிக்காரருடன் யார் யார் இருந்தார்கள், அவரிடம் தனியாகப் பேசினோமா என்று எழுத. அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இப்போதுள்ள பதிவேட்டின் ஓரத்திலேயே நாளை காலை எழுதத் தொடங்கலாம்.