சேமச் சக்கரம்

யாப்பும் அணியும் பயிலும் தமிழ் மாணவர் மோட்டார் வண்டியின் டயரைக் குறித்து எழுதப் புகுவது, இம்மலரைப் படிக்கும் அன்பர்க்கு நகைப்பை விளைக்கலாம். இயற்பியல் வகுப்பினர் எழுதற்குரிய பொருளை இவர் ஏன் எடுத்துக்கொண்டார் என ஆசிரியர் சிலர் வினவவும் கூடும். ஆயினும், நள்ளிரவில் நெடுஞ்சாலையோரத்தே காற்றிழந்த வண்டியருகில் நின்றார்க்கு அத்தகைய பாகுபாடு தோன்றுவதில்லை. யாம் அவ்வாறு நின்றோம், ஆகலின் எழுதுகின்றோம். சக்கரம் மாற்றுந் தொழிலில் உயிரைக் காப்பது கைத்திறத்தினும் இடத்தேர்வே என்பதும், அவ்விரண்டனையும் மாணவர் ஒவ்வொருவரும் இக்கல்லூரியை விட்டு நீங்குமுன் பயிலல் வேண்டும் என்பதுமே எம் கருத்து.

2024 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஓரிரவு, எம் சிறிய தந்தையார் காரில் மதுரையினின்று திருநெல்வேலிக்கு வந்துகொண்டிருந்தோம். கோவில்பட்டியைக் கடந்து கயத்தாற்றை நெருங்குமுன் பின்புறத்து இடச் சக்கரம் தடதடவென ஒலித்தது. வண்டி ஒருபுறம் இழுத்தது. சிறிய தந்தையார் அக்கணமே நிறுத்திவிட்டார். காற்றில்லாச் சக்கரத்தை ஓட்டினால் டயர் கிழியும், ரிம் வளையும் என்னும் அச்சம் அவர்க்கு. இடப்புறச் சக்கரங்கள் மண்ணிலும், வலப்புறச் சக்கரங்கள் தார்ச்சாலையிலுமாக வண்டி நின்றது. அன்று மாலை மழை பெய்திருந்தது. அப்பக்கத்து நிலம் கரிசல் என்பதும், நனைந்த கரிசல் எத்தன்மைத்து என்பதும் எம் மாவட்டத்துப் பிள்ளைகள் அனைவரும் அறிந்தனவே. அறிந்தும் மறந்தோம்.

ஈர மண்ணில் ஜாக்கியை ஊன்றி வண்டியைத் தூக்கினோம். தூக்கிய பின்னரே நட்டுக்களைத் தளர்த்த முற்பட்டோம். அவை சிறிதும் அசையவில்லை. சில திங்கள்முன் டயர்க் கடையொன்றில், காற்றால் இயங்குங் கருவிகொண்டு அவற்றை மனிதக் கைக்கு எட்டாத இறுக்கத்தில் முடுக்கியிருந்தனர். சிறிய தந்தையாரின் மகன் ஸ்பானரின்மேல் ஏறி மிதித்தான். வண்டி ஆடிற்று, ஜாக்கியின் அடி சேற்றிற் புதைந்து சாய்ந்தது, வண்டி தொம்மென்று இறங்கிற்று. சக்கரம் கழற்றப்படாதிருந்தமையின், அக்காற்றிழந்த டயரே வண்டியைத் தாங்கிக்கொண்டது. கழற்றிய பின்னர் வீழ்ந்திருப்பின், அடியிற் கைவைத்திருப்பார் நிலை யாதாகும் என்பதை இன்றும் நினைக்க அஞ்சுகின்றோம். இத்துணையும் நிகழ்கையில் யாம் புரிந்த உதவி யாதெனின், கைபேசி விளக்கை ஏந்தி வண்டியின் நேர் பின்னே நின்று, பின்விளக்குகள் வருவோர்க்குத் தோன்றாவண்ணம் மறைத்தமையே.

அவ்வழி வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் எம்மைக் கடந்து போகவில்லை. பின்னே நெடுந்தொலைவில் தம் வண்டியை ஓரமாக நிறுத்தி, விளக்குகளை மினுக்கவிட்டு, வேலிக்கருவையில் இரண்டு கிளைகளை ஒடித்துச் சாலையில் இட்டுவிட்டு எம்மை நோக்கி நடந்துவந்தார். அவர் முதலில் மொழிந்தவற்றுட் சிலவற்றை இம்மலர் ஏற்காது. எஞ்சியவற்றின் கருத்து இது: ரிம்முக்கு விலையுண்டு, கொடுத்தால் வாங்கலாம், ஆதலால் இவ்விடத்தை விட்டு முதலில் நகர்க. எங்களையெல்லாம் ஓடைக்கு அப்பால் நிற்கச் செய்து, சிறிய தந்தையாரை நடைவேகத்தில் முந்நூறு மீட்டர் ஓட்டுவித்து, மூடிக்கிடந்த தேநீர்க் கடையின் சிமெண்டுத் தளத்தில் வண்டியை ஏற்றுவித்தார். திரும்பிச் சென்றபோது அக்கிளைகளை எடுத்து ஓரத்தில் எறிந்தமையையும் கண்டோம். கல்லையும் கிளையையும் சாலை நடுவே விட்டுச் செல்லும் கற்றோர் பலர் உளர். டயர் பாழாயிற்று, ரிம்முக்கு ஒரு கீறலும் இல்லை. அத்தளத்தின்மேற் சக்கரம் மாற்றக் கால்மணி நேரமே ஆயிற்று.

நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கும். ஓட்டுபவர் எம்மைக் கண்டு, உணர்ந்து, தடையை மிதிப்பதற்குள் நாற்பது மீட்டர் கழிந்துவிடும். அதன் பின்னரே வண்டி வேகந் தணியத் தொடங்கும். எனவே, எச்சரிக்கை முக்கோணத்தை வண்டியின் பின்னே பத்தடி தூரத்தில் வைத்துவிட்டு அமைதியுறுவது பயனற்ற சடங்கு. நெடுஞ்சாலையில் ஐம்பது மீட்டருக்குக் குறையாமல், வளைவாயின் வளைவிற்கு முன்னரே, அது வருவோர் கண்ணிற் படல் வேண்டும். வலப்புறச் சக்கரம் காற்றிழந்ததாயின் இடர் இன்னும் மிகும். நம் நாட்டில் இடப்புறமாகச் செல்லுதலின், வலச் சக்கரத்தை மாற்றுபவர் ஓடும் வண்டிகட்கு முதுகு காட்டி அமர நேரும். ஒதுங்க இடமில்லாப் பாலத்தின்மீதோ, குறுகிய வளைவிலோ அவ்வேலையைத் தொடங்கவே கூடாது. எல்லாரும் இறங்கித் தடுப்பிற்கு அப்பால் நின்று, தேசிய நெடுஞ்சாலையாயின் 1033 என்னும் எண்ணுக்கு அழைத்தலே தக்கது. தொழில் தெரிந்தவர்க்கே, அதனைச் செய்யாது விடவேண்டிய இடமும் தெரியும்.

இடம் நன்றாயின் எஞ்சியது எளிது. கைத்தடையை இழுத்து, கியரிலிட்டு, மாற்றவிருக்கும் சக்கரத்திற்குக் குறுக்கெதிர்ச் சக்கரத்தின் கீழ்க் கல்லொன்றை அணைக்க வேண்டும். சக்கரம் நிலத்திற் பதிந்திருக்கும்போதே, கடிகார முள்ளின் எதிர்த்திசையில் நட்டுக்களை அரைச்சுற்றுத் தளர்த்தல் வேண்டும்; சக்கரம் உடன் சுழலாதவாறு நிலமே பற்றிக்கொள்ளும். யாம் பிழைத்தது இதில்தான். ஜாக்கி பொருந்துதற்கென்றே வண்டியின் அடிவிளிம்பில் குறியிட்ட இடம் உண்டு. மண் இளகியதாயின் ஜாக்கியின் கீழ்த் தடித்த பலகை இடுக. செங்கல் ஆகாது, அது பாரத்தால் உடையும். மாற்றுச் சக்கரத்தைப் பூட்டும் வரையில் வண்டியின் அடியிற் படுக்கவைப்பர் அறிந்தோர். ஜாக்கி வழுக்கினும் வண்டி அதன்மேல் தங்கும். பூட்டும்போது நட்டுக்களை வரிசையாக முடுக்காது எதிரெதிராக முடுக்கி, வண்டியை இறக்கிய பின்னர் இறுதியாக இறுக்கி, ஐம்பது கிலோமீட்டர் சென்றபின் மீண்டும் ஒருமுறை பார்த்தல் நன்று.

இனி, தமிழ் மாணவர் என்னும் முறையில் ஒரு சொல். மாற்றுச் சக்கரத்தை நம் நாட்டார் ஸ்டெப்னி என்கின்றனர். தொடக்க காலத்து மோட்டார் வண்டிகளில் மாற்றுச் சக்கரம் இல்லை. டயரைச் சாலையிலேயே கழற்றி ஒட்டுப்போட வேண்டும். 1904 ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டு லானெல்லி நகரில் டேவிஸ் உடன்பிறந்தார் இருவர், காற்றடைத்த டயருடன் கூடிய ஆரமில்லா வளையமொன்றை ஆக்கி, காற்றிழந்த சக்கரத்தோடு பிணைத்து ஓட்டுமாறு விற்றனர். அவர்தம் கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. தெருப்பெயர் பொருட்பெயராயிற்று, ஆங்கிலேயர் பெரும்பாலும் மறந்துவிட்ட அச்சொல் நம் டயர்க் கடைகளில் இன்றும் வழங்குகின்றது. ஆயின் அக்கருத்து நமக்குப் புதிதன்று. புறநானூற்றில் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், உப்பு வாணிகர் வண்டியின் கீழே கட்டிவைக்கும் சேம அச்சினுக்கு அவனை ஒப்பிடுகின்றார். பாரம் மிகுதி, வழியிற் பள்ளமும் மேடும் உண்டு, அங்கே நேர்வது யார் அறிவார் எனப் புறப்படுமுன்னரே எண்ணினர் அவ்வுமணர். ஆகலின் ஸ்டெப்னியைச் சேமச் சக்கரம் எனலாம் என்பது எம் துணிபு. எம் ஆசிரியர் உடன்படுவாரோ அறியோம். அன்றிரவு எம் சேமச் சக்கரத்தில் காற்றுப் பாதியே இருந்தது என்பதை மட்டும் நாணத்துடன் ஒப்புக்கொள்கின்றோம்.

டியூப் இல்லா டயர்கள் வந்துவிட்டன, இக்கல்வி எதற்கு என்பாரும் உளர். காற்றழுத்தங் காட்டும் பொறியும் துளையடைக்கும் கருவியும் டியூப் இல்லா டயரும் உடைய சிறு வண்டிகட்கு மாற்றுச் சக்கரம் வேண்டுவதில்லை என 2020 ஆம் ஆண்டில் நம் நாட்டு விதியும் திருத்தப்பெற்றது. மெய்தான். ஆணி தைத்த துளையை அக்கருவி அடைக்கும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் என் செய்யும்? மேலும் சாலையில் ஓடுவன எல்லாம் புது வண்டிகள் அல்லவே.

இது ஆடவர்க்கே உரிய வேலை என்பார் கூற்றும் எமக்கு உடன்பாடன்று. இறுகிய நட்டு வலிமைக்கு இளகுவதினும் நெம்புகோலின் நீளத்திற்கே இளகும். ஸ்பானரின் பிடியில் இரும்புக் குழாயொன்றைச் செருகினால் எம் வகுப்பு மாணவியர் எவரும் அதனைத் தளர்த்தலாம். எமக்கு ஓட்டுநர் உரிமம் அளித்த நாளில் எட்டுப் போடச் சொன்னார்களே யன்றி, சக்கரத்தைக் கழற்றச் சொன்னாரில்லை. அக்குறையை நம் கல்லூரி நீக்கலாம். பெருஞ்செலவு வேண்டுவதில்லை, கல்லூரி வண்டி ஒன்றும், அதன் ஓட்டுநர் மனமுவந்து தரும் ஒரு சனிக்கிழமைப் பிற்பகலும் போதும். நாட்டு நலப்பணித் திட்டத்தினர் நாளைக் குறிப்பாராயின், பலகையை யாம் கொணர்வோம். அது இப்போது சிறிய தந்தையார் வண்டியின் பின்னறையில் கிடக்கின்றது.