ஒரே ஊர், மூன்று கோப்பைகள்
வட அயர்லாந்தின் டெர்ரி பகுதியில், கார்ன்டோகர் மலையடிவாரத்தில் இருக்கிறது ஸ்லாக்நீல் என்ற சிற்றூர். 1803இல் தூக்கிலிடப்பட்ட விடுதலைப் போராளி ராபர்ட் எம்மெட்டின் பெயரில் 1953இல் அங்கே ஒரு விளையாட்டுக் கழகம் தொடங்கினார்கள். 2016இல் கேலிக் கால்பந்து, ஹர்லிங், பெண்கள் ஆடும் கமோகி மூன்றிலும் அல்ஸ்டர் மாகாணக் கோப்பை இந்த ஒரே கழகத்துக்குக் கிடைத்தது. அதுவரை எந்தக் கழகமும் செய்யாத சாதனை! இத்தனைக்கும் யாருக்கும் சம்பளம் கிடையாது. சொந்த ஊருக்காக ஆடுகிறார்கள். ஒரு ஞாயிறு கால்பந்து ஆடிய அதே பையன்களில் பலர் அடுத்த ஞாயிறு ஆஷ் மரத்தில் செதுக்கிய மட்டையோடு, சிறிய தோல் பந்தைத் துரத்தி ஹர்லிங் களத்தில் நிற்பார்கள். 2017 பிப்ரவரியில் இரண்டு ஆட்டங்களிலும் அகில அயர்லாந்து அரையிறுதியில் ஆடினார்கள். ஹர்லிங்கில் டப்ளின் கழகமான குவாலாவிடம் தோற்றார்கள்; கால்பந்தில் இறுதிப்போட்டிக்குப் போய் நூலிழையில் கோப்பையைத் தவறவிட்டார்கள். கமோகி அணியோ அந்த மார்ச்சில் அகில அயர்லாந்துக் கோப்பையையே தூக்கி வந்தது. ஏதாவது ஒரு ஆட்டத்தை மட்டும் பிடித்துக்கொள் என்று இளம் வீரர்களை நெருக்கும் போக்கு எனக்கு உவப்பில்லை. பெரிய நகரக் கழகத்துக்கு அது கட்டுப்படியாகும். இருக்கிற பிள்ளைகளை வைத்தே எல்லா அணிகளையும் நிரப்பும் ஊரில், அப்படிச் சொன்னால் ஏதோ ஒரு அணியைக் கலைக்க வேண்டியதுதான்.