கொடிமலைக்கு எந்த வழி?

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். வயது 56. இனிப்பு நீர் நோய் வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றனவாம். "நடங்க, நடங்கன்னு டாக்டர் சொல்றார். வீட்டு முன்னால இருக்கிற திடலைச் சுத்திச் சுத்திச் சலிச்சுப் போச்சு. நீங்க வாரா வாரம் மலை, காடுன்னு எழுதுறீங்க. கொடிமலைக்கு நடந்தே ஏறணும்னு ரொம்ப நாள் ஆசை. என்னால முடியுமா? எந்த வழி நல்ல வழி?" என்று கேட்டிருக்கிறார்.

இந்தக் கடிதத்தை இரண்டு வாரமாகச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். 'முடியும், புறப்படுங்கள்' என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம். எழுத முடியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வழிகளைப் பார்த்துவிடுவோம்.

நாம் கொடிமலை என்று சொல்வது ஒற்றை மலையல்ல. பல குன்றுகள் தோளோடு தோள் உரசி நிற்கிற கூட்டம் அது. அந்தக் காலத்தில் ஒரு குன்றின் மேல் கொடிக்கம்பம் நட்டார்கள், பெயர் மொத்த மலைக்கும் ஒட்டிக்கொண்டது. எல்லாவற்றிலும் உயரமானது மேற்குக் குன்று, 833 மீட்டர். ரயில் போய் நிற்கிற இடம் அதைவிடத் தாழ்வுதான். கெடாவின் குனோங் ஜெராய் 1,217 மீட்டர், சபாவின் கினபாலு 4,095 மீட்டர் என்று பார்த்தால் நம்முடையது சின்னத் தம்பி. காற்று மெலிந்து தலைவலியும் வாந்தியும் வருகிற உயர நோயெல்லாம் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான். ஆகவே கொடிமலையில் மூச்சு வாங்கினால் உயரத்தின் மேல் பழி போடாதீர்கள். நம் வயிற்றைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் குளிர்ச்சி உண்டு. ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ அரை டிகிரிக்குச் சற்று மேல் வெப்பம் குறையும். கீழே ஜார்ஜ்டவுனில் சட்டை நனைந்து ஒட்டும்போது மேலே நான்கைந்து டிகிரி குறைவாக இருக்கும். இந்தக் காற்றுக்காகத்தான் வெள்ளைக்காரர்கள் 1700களின் கடைசியிலேயே மேலே பங்களா கட்டத் தொடங்கினார்கள். அப்போது ரயில் ஏது? குதிரையில் போனார்கள், இல்லையென்றால் டோலியில் உட்கார்ந்து போனார்கள். டோலியைத் தூக்கியவர்கள் நடந்து போனார்கள். மேலே இருக்கிற அருளொளி திருமுருகன் ஆலயம், இந்தியச் சிப்பாய்களும் டோலி தூக்கியவர்களும் கும்பிட்ட சிறு சன்னதியாகத் தொடங்கியது என்று சொல்லப்படுகிறது. ஒவ்வொரு முறை அந்த வாசலில் செருப்பைக் கழற்றும்போதும், தோளில் ஒரு துரையையும் சுமந்துகொண்டு இந்த ஏற்றத்தை ஏறியவர்களை நினைத்துக்கொள்வேன். நமக்கு ஒரு தண்ணீர் போத்தலே கனக்கிறது.

ரயில் போட முதலில் 1897-இல் முயன்றார்கள். பல ஆண்டு வேலை செய்தும் அந்த ரயில் ஓடவில்லை. இரண்டாம் முயற்சி பலித்து 1923-இல் ஓடத் தொடங்கியது. என் சிறுவயதில் பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். அந்த இடத்தில் சன்னலோர இடம் பிடிக்க அண்ணன் தம்பிகளுக்குள் நடந்த சண்டைகள் தனிக் கதை. 2011 முதல் மாறாமல் நேராகப் போய்விடுகிறது.

நடந்து போகிறவர்களுக்கு முதல் வழி ஜீப் பாதை. 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவின் வாசலருகே புறப்பட்டு மலை உச்சி வரை போகிறது, 5.1 கிலோமீட்டர். தார் போட்ட பாதை, வழி தவறாது. மேலே குடியிருப்பவர்களின் வண்டிகள் எப்போதாவது வரும். செங்குத்து என்றால் அப்படியொரு செங்குத்து! ஏறும்போது நெஞ்சு பேசும், இறங்கும்போது முழங்கால் பேசும். ஞாயிறு காலையில் போனால் எழுபது வயதுச் சீனப் பாட்டிமார் சிரித்தபடி நம்மைக் கடந்து போவார்கள். வெட்கப்படாமல் வழி விடுங்கள். நடுவில் '84' என்று எல்லாருக்கும் தெரிந்த தேநீர்க் குடில் ஒன்று உண்டு. தொண்டர்கள் சுடச்சுடத் தேநீர் ஊற்றி வைத்திருப்பார்கள். உண்டியலில் போடுவது நம் மனசு.

இரண்டாவது, எனக்கு மிகவும் பிடித்தது, மூன் கேட் வழி. தாவரவியல் பூங்காவுக்குச் சற்று முன்பே, சாலையோரம் வட்டமாக நிலா போல ஒரு பழைய வாசல் நிற்கும். அதற்குள் நுழைந்தால் காடு. மண், வேர், கல், படி என்று மாறி மாறி வரும். வெயிலே படாது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்குகள் மரத்தின் மேலிருந்து, இவர்கள் எதற்காக இப்படிக் கஷ்டப்படுகிறார்கள் என்பது போல நம்மைப் பார்க்கும். இதில் ஒரே சங்கடம், கிளைப் பாதைகள் அதிகம். 'ஐந்தாம் நிலையம்' என்கிற சந்திப்பு வரை பயமில்லை. அதற்கு மேல் தெரிந்தவர் துணை வேண்டும்.

மூன்றாவது, ஆயர் ஈத்தாம் ரயிலடியிலிருந்து தண்டவாளத்தை ஒட்டினாற்போல ஏறுகிற பாரம்பரியப் பாதை. படிக்கட்டுகள் ஏராளம். முழங்கால் வலிக்காரர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ஆயர் ஈத்தாம் அணைக்கட்டிலிருந்து காய்கறித் தோட்டங்கள் வழியாகவும் ஏறலாம், அது நாள் முழுக்க வேண்டிய நடை.

நான்காவது மோனியோட் சாலை. சாலை என்று பெயர்தானே தவிர, நிழலான ஒற்றையடிப் பாதை. 19-ஆம் நூற்றாண்டு நில அளவையாளர் ஒருவரின் பெயர் அது. மலையின் இடுப்பைச் சுற்றிப் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் போகும். ரயிலில் ஏறிப் போய் இதில் நடப்பது குறைச்சல் என்று சிலர் நினைக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது அந்தக் காரணத்துக்கு வருகிறேன்.

2014-ஆம் ஆண்டு. என் நடைத்துணை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். சார் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கும் இனிப்பு நீர், ஊசி போட்டுக்கொள்பவர். அன்று ஜீப் பாதையில் ஏறினோம். மேலே மதியச் சாப்பாட்டுக்கு முன் வழக்கம்போல ஊசி போட்டுக்கொண்டார். மீ கோரேங் காரம் தாங்காமல் பாதித் தட்டோடு கையைக் கழுவிவிட்டார். முருகனைக் கும்பிட்டு, அரட்டை அடித்து, மணி நான்கரை. "ரயில்ல இறங்கிடலாமா தம்பி?" என்று கேட்டார். "இறங்குறதெல்லாம் ஒரு நடையா சார்?" என்றேன் நான்.

பாதி இறங்கியதும் ஜீப் பாதையை விட்டு, மூன் கேட் போகிற காட்டு வழியில் திரும்பியதும் என் யோசனைதான். மழை பிடித்துக்கொண்டது. ஒரு கிளைப் பாதையில் தப்பாகத் திரும்பி அரைமணி நேரம் போய், மறுபடி திரும்பி வந்தோம். நம் ஊரில் பொழுது சாய ஏழரை ஆகிறது என்று நினைக்கிறோம். காட்டுக்குள் ஆறே முக்காலுக்கே இருட்டு. கையில் விளக்கு இல்லை.

சார் பின்தங்கிக்கொண்டே வந்தார். "என்ன சார், நீங்க பென்ஷன் வாங்கின மாதிரி உங்க காலும் வாங்கிடுச்சா?" என்று கேலி செய்தேன். எப்போதும் பதிலுக்கு ஒன்று சொல்லிச் சிரிப்பார். அன்று நின்று என்னைப் பார்த்து, "இது எந்த மலை?" என்று கேட்டார்.

நகைச்சுவை என்றுதான் முதலில் நினைத்தேன். கையைத் தொட்டால் சில்லென்று வியர்வை, விரல் நடுக்கம். இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது. என் பையில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. அவருக்கு ஆகாதே என்பதற்காக, இனிப்பான எதையும் நான் மலைக்குக் கொண்டுபோவதே இல்லை. அந்த மரியாதை அன்று உயிரை வாங்கப் பார்த்தது. அவரை ஒரு வேரின் மேல் உட்காரவைத்து, தோளைப் பிடித்துக்கொண்டு, தூங்காதீங்க சார், தூங்காதீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது.

மேலிருந்து இரண்டு விளக்குகள் இறங்கி வந்தன. நெற்றியில் விளக்குக் கட்டிய ஒரு சீனப் பெரியவரும் அவர் மனைவியும். அவர் சாரின் முகத்தைப் பார்த்தார், கையைப் பிடித்தார், "கெஞ்சிங் மானிஸ்?" என்று என்னைக் கேட்டார். தலையாட்டினேன். அந்த அம்மா பையிலிருந்து ஹண்ட்ரட் பிளஸ் டின் ஒன்றை எடுத்து உடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார். கால்மணி நேரம் காத்திருந்தோம். பிறகு இரண்டு பிஸ்கட். சார் நிமிர்ந்து உட்கார்ந்து, "சட்டையெல்லாம் நனைஞ்சிருச்சே" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்களை நடுவில் விட்டு முன்னும் பின்னும் விளக்குப் பிடித்து மூன் கேட் வரை கொண்டுவந்து விட்டார்கள். மணி எட்டரை. அவர்கள் பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

சாரின் மனைவி என்னைத் திட்டவில்லை. "கூட்டிட்டுப் போனீங்க, கூட்டிட்டு வந்துட்டீங்க. இனிமே வேணாம் தம்பி" என்றார். அதற்குப் பிறகு ஓராண்டு நாங்கள் கோப்பிக் கடையில் மட்டும்தான் சந்தித்தோம். மலையைப் பற்றி இருவருமே பேசவில்லை.

பிறகு ஒருநாள் அவரே வந்தார். மருத்துவரிடம் பேசி, நடக்கிற நாளில் ஊசி எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு என்று எழுதி வாங்கி வந்திருந்தார். "ரயில்ல ஏறுவோம், மோனியோட்ல நடப்போம், ரயில்ல இறங்குவோம். சம்மதமா?" என்றார். அன்றுமுதல் இன்றுவரை அதுதான் எங்கள் வழி.

ஆகவே சகோதரி, உங்களுக்கு என் பதில் இது. முதலில் உங்கள் மருத்துவரிடம் 'மலை ஏறப் போகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நடை என்று மட்டும் சொன்னால் அவர் திடலைத்தான் நினைப்பார். ஊசியோ, சர்க்கரையைக் கீழே இறக்கிவிடக்கூடிய சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு இது கட்டாயம். பையில் இனிப்பு மிட்டாயோ இனிப்புப் பானமோ இருக்கட்டும். அது உங்களுக்குப் பலகாரம் அல்ல, மருந்து. 'சர்க்கரை இல்லாதது' என்று போட்டிருக்கும் பானத்தை வாங்கிவிடாதீர்கள், அது உதவாது. கூட வருபவருக்கு உங்கள் நோய் தெரிந்திருக்க வேண்டும், மிட்டாய் எந்தப் பையில் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

நேரக் கணக்குக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. 1892-இல் நெய்ஸ்மித் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் ஜீப் பாதைக்கு இரண்டு மணிக்குச் சற்று மேல். அது ஸ்காட்லாந்துக் குளிரில் நடப்பவர் கணக்கு. நம் புழுக்கத்துக்கு நான் மூன்று மணி என்று வைத்துக்கொள்வேன். காலை ஏழு மணிக்கு முன் புறப்பட வேண்டும், மதியத்துக்குப் பிறகு புறப்படவே கூடாது. கனமழை பெய்த மறுநாளும் வேண்டாம். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் கொட்டிய மழையில் இந்த மலையில் எத்தனை இடங்களில் மண் சரிந்தது என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

பயிற்சிக்குத் தண்ணீர்மலைக்கு வாருங்கள். பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். தைப்பூசக் கூட்டத்தில் வேண்டாம், சாதாரண நாளில் வாருங்கள். நின்று நின்று ஏறி, மேலே போனதும் ஒரு வாக்கியம் மூச்சிரைக்காமல் பேச முடிகிறதா என்று பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. கொடிமலைக்கு ஏங்குகிறீர்களே, உங்கள் வீட்டுப் பின்னாலேயே 545 மீட்டரில் ஒரு மலை நிற்கிறதே! செரோக் தொக்குன் வனப் பூங்காவில் தார்ப் பாதையும் உண்டு, காட்டுப் பாதையும் உண்டு. பத்துப் பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிப்பது சந்தேகம் என்கிற அளவுக்கு ஒரு மெங்குண்டோர் மரம் அங்கே நிற்கிறது. மலையடிவாரத்தில், பழைய புனித அன்னாள் தேவாலய வளாகத்தில் ஒரு பாறை இருக்கிறது. 1845-இல் கர்னல் ஜேம்ஸ் லோ கண்டுபிடித்தது. அதில் செதுக்கியிருக்கும் எழுத்து பல்லவ எழுத்து வகை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அது உங்கள் ஊரில் காத்துக்கிடக்கிறது. நீங்கள் என்னடாவென்றால் திடலைச் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

சாரிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்துவிட்டு, "அந்தம்மாவை அடுத்த மாசம் முதல் ஞாயிறு செரோக் தொக்குன் வரச் சொல்லுங்க. வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. நான் என் வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வரேன்" என்றார். காலை ஆறரைக்குப் பூங்கா வாசலில் இருப்போம். பசியாறிவிட்டு வாருங்கள், வெறும் வயிற்றோடு வேண்டாம்.