மடங்குது போன்... தாங்குமா தூசி?

கைக்குட்டை மாதிரி மடக்கிப் பையில் வைக்கிற கைபேசி வந்தாச்சு. கண்ணாடிக்குப் பதிலா மெல்லிய பாலிஇமைடு பிளாஸ்டிக் மேல், தானே ஒளிரும் ஓ.எல்.இ.டி.யைப் படியவைத்தால் திரை வளையும். அவ்வளவுதான் சூட்சுமம்!

ஆனால் 2019 ஏப்ரலில் வரவேண்டிய சாம்சங்கின் முதல் மடக்குப் போன் செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. சோதித்தவர்கள் கையிலேயே சில போன்கள் பழுது. கீல் இடுக்கில் தூசி புகுந்ததும் ஒரு காரணம்! நம்ம பரவை காய்கறி மார்க்கெட்டுப் புழுதியில் என்ன கதியாகும்?

கீல், இடைவெளி, இறுக்கம்... எல்லாம் நம்ம பிட்டிங் ஷாப் சமாச்சாரம்தானே!

2008-ல் நோக்கியா, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 'மார்ஃப்' என்ற வளையும் போனைக் கற்பனை செய்து காட்டியது. அப்போது அதன் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் நம்ம பிள்ளைகள் சாதா போன்களைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். 2014-ல் ஆலையை மூடியபோது, பூட்டிய கைகள் வெறுங்கையாக நின்றன.

எங்க குடும்பத்தில் முதன்முதலா படிக்க வந்தவன் நான். அடுத்தவன் வரைந்ததைப் பூட்டுவதோடு என் டிப்ளமோ முடியணுமா? நமக்கு டிராயிங் போர்டும் இருக்கு, லேத்தும் இருக்கு. தூசி புகாத ஒரு கீலை நாமே வரைந்து, செய்து பார்ப்போமே! என்ன சொல்றீங்க?